சிடி சுற்றுகிறது, பாட்டுதான் சரியில்லை: ரைட்டர் டிரைவில் ஒலிக் கோளாறைப் பிடிக்கும் வழி

போன தை மாதம் திருவையாறு ஆராதனைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பெரியப்பா கும்பகோணத்தில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே 36 சிடி. குடும்பக் கல்யாணங்களில் வாசித்த நாகஸ்வரம், ஊர்க் கோயில் உற்சவக் கச்சேரி, அத்தை கொலுவில் பாடியது என்று கேசட்டில் இருந்ததையெல்லாம் 2003 வாக்கில் கடைத்தெருவில் கொடுத்து சிடியாக மாற்றி வைத்திருந்தார். "ஒண்ணும் ஒழுங்கா பாட மாட்டேங்குதுடா தம்பி. எல்லாம் கெட்டுப்போச்சு போலிருக்கு. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி உன் கம்ப்யூட்டர்ல ஒரு தடவை போட்டுப் பாரு" என்றார்.

பார்த்தேன். மூன்று வாரம் பிடித்தது. 36-இல் உண்மையாகவே கெட்டுப்போனவை 5 மட்டும். மற்றவற்றுக்கெல்லாம் கோளாறு வேறெங்கோ இருந்தது. அவருடைய பழைய கணினிக்குள் கழன்ற ஒரு கேபிள், விண்டோஸில் போடாமல் விட்ட ஒரு டிக், லென்ஸில் படிந்த படலம், எழுதிக் கொடுத்த கடைக்காரரின் அவசரம். அந்த மூன்று வாரத்தில் கற்றதைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களிடமும் இப்படி ஒரு பை இருந்தால், எதையும் தூக்கிப் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: சத்தம் எந்த வழியாக வருகிறது?

கணினியில் இருக்கும் சிடி ரைட்டரிலிருந்து ஒலி வெளியே வர மூன்று வழி உண்டு. ஒன்று, பழைய டிரைவ்களின் முகப்பில் இருக்கும் ஹெட்போன் துளை. இரண்டு, டிரைவின் பின்பக்கத்திலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் மெல்லிய நாலு ஊசிக் கேபிள். மூன்று, டேட்டா போகும் அதே கேபிள், அதாவது ஐடிஇ, சாட்டா அல்லது யுஎஸ்பி.

முதல் இரண்டு வழியிலும் எண்களை ஒலியாக மாற்றும் வேலையை டிரைவுக்குள் இருக்கும் சிறிய சிப் செய்கிறது. மலிவு விலை டிரைவில் அந்தச் சிப்பும் மலிவுதான். ஆகவே இங்கே டிரைவுக்கு டிரைவ் இரைச்சலும் தெளிவும் மாறுவது உண்மை. மூன்றாவது வழியில் டிரைவ் வெறும் எண்களைப் படித்துக் கொடுக்கிறது, ஒலியாக மாற்றுவது சவுண்ட் கார்டு. எண்கள் சரியாக வந்தால் பத்தாயிரம் ரூபாய் டிரைவும் எண்ணூறு ரூபாய் டிரைவும் ஒன்றே. "அந்தக் கம்பெனி ரைட்டர்ல போட்டா பாட்டு தனி இனிமை" என்று யாராவது சொன்னால், எந்த வழியாகக் கேட்டீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, கோளாறு வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பாட்டில் 3 நிமிடம் 12 வினாடியில் ஒரு 'டிக்'. மறுபடி போட்டாலும் அதே 3:12 என்றால் கோளாறு சிடியில் இருக்கிறது, அல்லது பதிவிலேயே இருக்கிறது. ஒருமுறை 3:12, அடுத்த முறை 1:50 என்று இடம் மாறினால் சிடியை விட்டுவிட்டு கேபிளையும் கணினியையும் பாருங்கள். பேப்பரும் பேனாவும் போதும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

நேரம் ஓடுகிறது, சத்தமே இல்லை

பெரியப்பாவின் கணினி விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய பெட்டி. பிளேயரில் வினாடி நகர்கிறது, சிடி சுற்றும் சத்தம் கேட்கிறது, ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. எம்பி3 போட்டால் மட்டும் கணீரென்று பாடுகிறது. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, சிடி மட்டும் ஊமை என்றால் ஏறக்குறைய எப்போதும் அந்த நாலு ஊசிக் கேபிள்தான் காரணம். மதர்போர்டு மாற்றியவர் அதை மாட்ட மறந்திருப்பார்.

கேபிள் தேடி அலைய வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சிடி டிரைவின் பெயரில் இரண்டு முறை தட்டி, பிராப்பர்ட்டீஸ் தாவலில் 'எனேபிள் டிஜிட்டல் சிடி ஆடியோ' என்று தொடங்கும் வரிக்கு டிக் போடுங்கள். அதன்பின் ஒலி மூன்றாவது வழியாக வரும், கேபிள் தேவையில்லை. டிக் ஏற்கெனவே இருந்தும் சத்தம் வராவிட்டால் வால்யூம் கட்டுப்பாட்டைத் திறந்து பாருங்கள். பழைய விண்டோஸில் 'சிடி ஆடியோ', 'வேவ்' என்று தனித்தனிக் குமிழ் இருக்கும். டிஜிட்டலாக வரும் சிடி ஒலி 'வேவ்' குமிழுக்குக் கட்டுப்படும், கேபிள் வழி ஒலி 'சிடி ஆடியோ' குமிழுக்கு. எது மியூட்டில் இருக்கிறதோ அதை எடுங்கள்.

சாட்டா டிரைவ்களில் பெரும்பாலும் இந்த நாலு ஊசித் துளையே கிடையாது. யுஎஸ்பி டிரைவில் கேட்கவே வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அல்லது பக்கம் மாறிக் கேட்கிறது

அதே நாலு ஊசிக் கேபிள். நடுவில் இரண்டும் எர்த், ஓரத்தில் இரண்டும் இடது, வலது. ஒரு கம்பி அறுந்தால் ஒரு பக்கம் போகும். தலைகீழாக மாட்டினால் எதுவும் எரியாது, வயலின் இருந்த பக்கத்தில் மிருதங்கம் உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான். டிஜிட்டலுக்கு மாற்றிக் கேளுங்கள். சரியானால் கேபிளைக் கழற்றி வைத்துவிடலாம்.

பாட்டுக்கு அடியில் 'உம்ம்ம்' என்று ஒரு தம்பூரா

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது ஒலிக்குள் புகுந்தால் 50-இலும் 100-இலும் இந்த முழக்கம் வரும். கணினி ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கில், இரண்டின் எர்த்தும் வெவ்வேறு இடத்தில் இறங்குகிறது என்றால், நடுவில் போகும் ஆடியோ வயர் வழியாக ஒரு சுற்று உருவாகி முழங்கும். பழைய ஓட்டு வீடுகளில் பின்கட்டுக்கு மட்டும் தனி எர்த் போட்டிருப்பார்கள். அங்கே இது சகஜம்.

சோதனை சுலபம். மடிக்கணினி என்றால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். முழக்கம் நின்றால் எர்த் சுற்றுதான். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். சிலர் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டுப் பிளக்கைச் செருகுவார்கள். முழக்கம் நிற்கும், உண்மைதான். ஆனால் ஈரத்தரையில் நின்றுகொண்டு பெட்டியைத் தொட்டால் ஆளும் நின்றுபோவான். வேண்டாம்.

மவுஸை நகர்த்தும்போதெல்லாம் 'சர்ர்' என்று கேட்டால் அது எர்த் அல்ல. கணினிக்குள் ஓடும் மின் இரைச்சலை அந்த நாலு ஊசிக் கேபிள் ஏரியல் போல இழுக்கிறது. டிஜிட்டலுக்கு மாறி, 'சிடி ஆடியோ', 'மைக்', 'லைன் இன்' மூன்றையும் மியூட் செய்யுங்கள்.

விட்டு விட்டுப் பாடுகிறது, இடம் மாறி மாறி

சிடியைத் துடைத்துப் பயனில்லை. ஒலிக்கு வேண்டிய வேகம் மிகக் குறைவு. ஒரு வினாடிக்கு 75 செக்டர் (சிடியில் தகவலை எழுதும் துண்டு), ஒவ்வொன்றும் 2,352 பைட். பெருக்கினால் 1,76,400 பைட். எந்தக் காலத்து டிரைவும் இதைத் தூக்கத்திலேயே கொடுக்கும். அப்படியும் தடுக்கினால் நடுவழியில் அடைப்பு.

எக்ஸ்பி காலத்துக் கணினியில் முதல் சந்தேகம் பிஐஓ. ஐடிஇ கேபிளில் பிழை அல்லது தாமதம் ஆறு முறை சேர்ந்துவிட்டால் விண்டோஸ் அந்தச் சேனலின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில், பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேரே நினைவகத்துக்கு அனுப்பும் டிஎம்ஏ முறையை விட்டு பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். அதன்பின் ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே சுமக்க வேண்டும். நீங்கள் பிரவுசரைத் திறந்ததும் பாட்டு திக்கும். கீறல் விழுந்த ஒரு சிடியோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டினால்கூட இந்த நிலை வரும், அதற்குப் பிறகு நல்ல சிடியும் திக்கும். அதனால்தான் "எல்லாம் கெட்டுப்போச்சு" என்று தோன்றுகிறது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து, கணினியை மறுபடி துவக்குங்கள். விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவுக்கு ஏற்றிவிடும். சில நாளில் மறுபடி இறங்கினால் தட்டையான அந்த ரிப்பன் கேபிளை மாற்றுங்கள்.

இப்போது பலரிடமும் இருப்பது யுஎஸ்பியில் மாட்டும் மெல்லிய டிவிடி ரைட்டர். இதன் வியாதி வேறு. யுஎஸ்பி 2.0 துளை கொடுக்கும் மின்சாரம் 500 மில்லிஆம்பியர். மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் டிரைவ் அதற்கு மேல் கேட்கும். கிடைக்காதபோது சுழற்சி தளர்ந்து, டிரைவ் மறைந்து, மறுபடி தோன்றும், 'டொடிங்' என்று விண்டோஸ் ஓசை எழுப்பும். ஹப்பில் மாட்டாதீர்கள், கணினியின் நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் நேராக மாட்டுங்கள், அது 900 மில்லிஆம்பியர் வரை தரும். இரட்டைத் தலைக் கேபிள் இருந்தால் இரண்டையும் செருகுங்கள். மேசைக் கணினியில் முன்பக்கத் துளையை விடப் பின்பக்கத் துளை நல்லது.

ஒரே இடத்தில் டிக், குதிப்பு, அல்லது ஒரு நொடி மௌனம்

இது சிடியின் கதை. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

பிலிப்ஸும் சோனியும் 1980-இல் ஆடியோ சிடிக்கு விதி வகுத்தபோதே கீறல் விழும் என்று தெரிந்துதான் வகுத்தார்கள். 24 பைட் ஒலிக்கு 8 பைட் காவல். அதோடு அந்த 24 பைட்டையும் ஒரே இடத்தில் எழுதாமல், அடுத்தடுத்த 109 சிறு துண்டுகளின் நீளத்துக்குச் சிதறி எழுதுவார்கள். விதைநெல் முழுவதையும் ஒரே நாற்றங்காலில் போடாமல் பல இடத்தில் விடுவது போல, ஒரு மடை உடைந்தாலும் எல்லாம் போகாது. தடத்தின் வழியே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குச் சேதம் இருந்தாலும் கணக்குப் போட்டு முழுதாக மீட்டுவிட முடியும். அதைத் தாண்டினால் டிரைவ் ஊகிக்கத் தொடங்குகிறது. முன்னும் பின்னும் இருக்கும் எண்களுக்கு நடுவே ஒரு எண்ணை நிரப்பும். அது பெரும்பாலும் காதில் படாது. அதற்கும் மேல் போனால் மௌனம் அல்லது 'டிக்'.

டேட்டா சிடிக்கு இதற்கு மேலும் ஒரு அடுக்குக் காவல் உண்டு. அதே 2,352 பைட் செக்டரில் 2,048 மட்டுமே டேட்டா, மீதியில் முகவரியும் கூடுதல் திருத்தமும். ஆடியோ சிடியில் அந்த அடுக்கு இல்லை. "அதே டிரைவ்ல போட்டோ சிடி எல்லாம் நல்லா திறக்குதே, பாட்டு மட்டும் ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

இப்போது துடைப்பதற்கு வருவோம். மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் ஒரு நொடித் துளிக்கு மட்டும் வெட்டும், திருத்தம் சமாளித்துவிடும். வட்டமாக விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி, இரண்டரை மில்லிமீட்டர் எல்லையை அங்கேயே தாண்டிவிடும். கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும் குறுக்குக் கீறல் சிடி பாடும், பளபளவென்று இருக்கும் சிடியில் ஒரே ஒரு வட்டக் கீறல் பாட்டைக் கொல்லும்.

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பழைய பருத்தி வேட்டித் துண்டு. இவ்வளவு போதும். பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். அடிப்பக்கத்து ஆழமில்லாத கீறலுக்கு அது சில சமயம் வேலை செய்யும், ஏனென்றால் அந்தப் பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடிமனான பாலிகார்பனேட். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொண்டு லென்ஸுக்கும் சேர்த்துத் தானம் செய்யும்.

பெயர் எழுதும் மேல்பக்கம்தான் உண்மையில் பலவீனம். அங்கே உலோகப் படலத்துக்கு மேல் மெல்லிய வார்னிஷ் மட்டுமே. விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பதிவு போய்விட்டது, எந்த மருந்தும் கிடையாது. பெரியப்பா சிடிகளில் கெட்டுப்போன அந்த 5-இல் 3 இப்படித்தான். அதில் ஒன்றில் பால்பாயிண்ட் பேனாவால் 'மன்னார்குடி கல்யாணம்' என்று அழுத்தி எழுதியிருந்தது. 'ம'வின் கால் இருக்கும் இடத்தில் நாகஸ்வரம் நிற்கிறது.

டிவிடி ஓடுகிறது, சிடி மட்டும் தடுமாறுகிறது

இரண்டுக்கும் லேசர் வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. ஒன்று தளர்ந்து மற்றொன்று திடமாக இருக்கலாம். ஆனால் டிரைவை மாற்றுவதற்கு முன் லென்ஸைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மரக்கதவு உப்பி மூட மறுக்கிற ஊர் நம்முடையது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேரும். லென்ஸில் மூடுபனி போல ஒரு படலம் படியும். கடையில் வாங்கிய சிடி பாடும், வீட்டில் எழுதிய சிடி பாடாது என்பது இதன் முதல் அடையாளம். எழுதிய சிடியில் குழி கிடையாது, சாயம் கருகிய புள்ளிகள்தான். படிக்க அது எப்போதுமே கொஞ்சம் கடினம்.

மடிக்கணினி டிரைவ், யுஎஸ்பி டிரைவ் என்றால் லென்ஸ் தட்டிலேயே வெளியே வந்துவிடும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, முதலில் கேமரா துடைக்கும் ரப்பர் பந்தால் காற்றடியுங்கள். போகாவிட்டால் மொபைல் ரிப்பேர் கடையில் கிடைக்கும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் ஒரு சொட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, லென்ஸை மெல்லத் தடவுங்கள். அழுத்தக் கூடாது. தலைமுடி போன்ற கம்பிகளில் தொங்குகிறது அது. வாயால் ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும்.

டிரைவ் விமானம் போல் அலறுகிறது

52 எக்ஸ், அதாவது பாட்டு ஓடும் வேகத்தைப் போல 52 மடங்கு வேகத்தில் சிடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 சுற்று சுற்றுகிறது. பாட்டுக்குத் தேவை 200 முதல் 500 சுற்று. காகித லேபிள் ஒட்டிய சிடி சமநிலை தவறி உதறும். நீரோ டிரைவ்ஸ்பீட் போன்ற வேகக் கட்டுப்பாட்டு மென்பொருளில் 4 அல்லது 8 எக்ஸுக்கு இறக்கினால் அமைதி.

காப்பி எடுத்தேன், 44 பைட்தான் இருக்கிறது

சிடியைத் திறந்தால் டிராக்01, டிராக்02 என்று சிடிஏ கோப்புகள் தெரியும். அவற்றை இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, பாட்டு வந்துவிட்டது என்று சிடியைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அவை பாட்டே அல்ல, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் 44 பைட் முகவரிச் சீட்டு. சிடியை வெளியே எடுத்தால் பாடாது. ரிப் செய்ய வேண்டும், அதாவது சிடியில் உள்ள ஒலியையே படித்துக் கோப்பாக மாற்ற வேண்டும்.

ரிப் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதம்

ஒலி செக்டரில் முகவரி இல்லை என்றேன். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடரச் சொன்னால் பழைய டிரைவ் விட்ட இடத்துக்குச் சரியாக வராது, கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ இறங்கும். ஒரு சுரம் இரட்டிக்கும், அல்லது ஒரு சொல்லின் நுனி உதிரும். இதை ஜிட்டர் என்பார்கள். ஒன்றின்மேல் ஒன்று படியும்படி படித்து, பொருந்தும் இடத்தில் ஒட்டுவதுதான் தீர்வு.

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸில் சிடிபாரனோயா, இரண்டும் இலவசம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் 'செக்யூர்' முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுங்கள். இரண்டு முறை படித்து, இரண்டுக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் ஒன்றா என்று காட்டும். ஒன்றானால் நிம்மதியாக இருக்கலாம். அக்யூரேட்ரிப் என்ற வசதி உலகில் மற்றவர்கள் எடுத்த ரிப்போடு ஒப்பிடும், ஆனால் கடையில் விற்ற சிடிக்குத்தான் அது பயன்படும். நம் அத்தை பாடியதை இன்னொருவர் ரிப் செய்திருக்கப் போவதில்லை. ஆகவே நமக்கு இரட்டைச் சோதனைதான் கதி. கெட்ட சிடி ஒன்றுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

டிரைவ் படிக்கத் தொடங்கும் இடம் சற்றுத் தள்ளி இருப்பது (டிரைவ் ஆஃப்செட்) பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலும் சில நூறு சாம்பிள்தான் (சாம்பிள் என்பது ஒலியை ஒரு கணத்தில் அளந்து எழுதிய எண்), 588 சாம்பிள் சேர்ந்தால்தான் வினாடியில் 75-இல் ஒரு பங்கு. காதுக்குத் தெரியவே தெரியாது. விட்டுவிடுங்கள்.

சுருதி இறங்கியிருக்கிறது

இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, அத்தை. தன் பாட்டைக் கேட்டதுமே, "இது நான் பாடின சுருதி இல்லை, யாரோ தூங்கி வழியறாப்பல இருக்கு" என்றாள். சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தோம். அவள் பாடியது இரண்டு கட்டை. சிடியில் இருந்தது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராமல்.

அந்த 'நடுவில்'தான் துப்பு. சிடியின் கணக்கு வினாடிக்கு 44,100 சாம்பிள். வீடியோ சார்ந்த கருவிகளும் பல சவுண்ட் கார்டுகளும் பயன்படுத்துவது 48,000. 48,000-இல் பதிந்ததை மாற்றாமல் 44,100 என்று சொல்லி எழுதினால் பாட்டு எட்டு சதவீதம் மெதுவாகும், சுருதி சுமார் ஒன்றரை அரைச்சுரம் கீழே போகும். இரண்டு கட்டை சரியாக அந்த இடுக்கில்தான் வந்து விழும். தலைகீழாக நடந்தால் மேலே ஏறி, பாடுகிறவர் ரயிலைப் பிடிக்க ஓடுவது போல இருக்கும். கேசட் டெக்கின் பெல்ட் தளர்ந்தாலும் சுருதி இறங்கும். ஆனால் அது இப்படி ஒரே அளவில் நிற்காது, ஆடும்.

நல்ல செய்தி, எதுவும் தொலையவில்லை. ரிப் செய்த கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, அந்த டிராக்கின் ரேட்டை 48,000 என்று மாற்றுங்கள். சுருதி ஏறிவிடும். பிறகு 44,100-இல் ஏற்றுமதி செய்து புதிய சிடி எழுதுங்கள்.

கீச்சென்று, உடைந்து, தகரம் போல

நாகஸ்வரம் இதற்கு நல்ல சோதனைக் கருவி. கேசட்டிலிருந்து எடுத்தவர் டெக்கை நீலத் துளையான லைன் இன்னில் மாட்டாமல், ரோஜா நிற மைக் துளையில் மாட்டியிருந்தால், உச்சஸ்தாயி வரும்போதெல்லாம் ஒலி உடையும், தவில் அடி தகரத்தில் விழும். எழுதியபோதே நடந்த சேதம், டிரைவால் ஒன்றும் செய்ய முடியாது. மூலக் கேசட் பரணில் இருந்தால் மறுபடி எடுங்கள். 128 கிலோபிட் எம்பி3-யிலிருந்து ஆடியோ சிடி எழுதியிருந்தாலும் அப்படியே. 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுப்பட்ட ஒலி சிடி ஆனதும் திரும்பி வராது.

ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் நடுவே இரண்டு வினாடி வெட்டு

'டிராக் அட் ஒன்ஸ்' முறையில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னும் லேசரை அணைத்து ஏற்றும், நடுவில் இரண்டு வினாடி இடைவெளி, சில பிளேயரில் ஒரு 'டிக்' கூட. தொடர் கச்சேரிக்கு 'டிஸ்க் அட் ஒன்ஸ்' எடுத்து, பாட்டிடைவெளியைப் பூஜ்யம் என்று வையுங்கள். இம்க்பர்ன், நீரோ, கே3பி எல்லாவற்றிலும் உண்டு. எம்பி3-யாகத் துண்டு போட்டு எழுதினால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் எம்பி3 சேர்க்கும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். வேவ் கோப்பாகத் துண்டு போடுங்கள்.

கணினியில் பாடுகிறது, காரில் பாடவில்லை

ஃபைனலைஸ் செய்யாமல் விட்டிருக்கலாம். பாட்டு அட்டவணை மூடப்படாத சிடியைச் சாதாரண பிளேயர் காலி என்றே நினைக்கும். எழுதிய மென்பொருளிலேயே மூடிவிடலாம். அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ என்றால் வேறு. கடையில் வாங்கிய சிடி 70 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், ஆர்டபிள்யூ 15 முதல் 25 வரைதான். பழைய பிளேயருக்குக் கண் தெரியாது. இரண்டும் இல்லையென்றால், அது எம்பி3 போட்ட டேட்டா சிடியா என்று பாருங்கள்.

புதிதாக எழுதியதே கரகரக்கிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள். நான் 16 எக்ஸில் எழுதுகிறேன். 1 எக்ஸில் எழுதினால்தான் இனிமை என்பது பழைய காலத்துச் சாயத்துக்குச் சொன்னது, இன்றைய சிடிகளின் சாயம் அதிவேகத்துக்கு என்றே செய்யப்பட்டது. 'பவர் காலிபிரேஷன் எரர்' என்று வந்தால் லென்ஸ் அழுக்கு அல்லது மட்டமான சிடி. வேறு கம்பெனி சிடி ஒன்றைப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வெள்ளத்தில் நனைந்தவை

2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் சேறு படிந்த சிடிகளைக் கொண்டு வந்தார். சேறு காயும் முன் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், தேய்க்கக் கூடாது, மணல் கீறும். உறையின் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தால் ஊறவிட்டுத் தானாகப் பிரியட்டும். நிழலில், நிமிர்த்தி உலர்த்துங்கள். வெயில் சாயத்தை வெளுக்கும். விளிம்பில் வெள்ளிப் படலம் உரியத் தொடங்கியிருந்தால் அன்றைக்கே ரிப் செய்யுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, ஆகவே விளிம்பில் இருப்பது கடைசிப் பாட்டு. அதை முதலில் எடுங்கள்.

கடைசியாக ஒன்று. பெரியப்பாவின் சிடிகளில் ஒரு தோடி என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. 31-ஆவது நிமிடத்தில் 'கட்டக்' என்று ஒரு சத்தம், அரை நொடி மௌனம், பிறகு நாகஸ்வரம் நடுவிலிருந்து தொடர்கிறது. துடைத்தேன், லென்ஸைத் துடைத்தேன், மூன்று டிரைவில் போட்டேன். மூன்றிலும் அதே வினாடி. இரண்டு முறை ரிப் செய்தேன், சிஆர்சி அச்சு அசலாக ஒன்று. சிடியில் பிழை இல்லாமல் சிடியில் பிழை. ஹெட்போனை பெரியப்பா காதில் வைத்து அந்த இடத்தை ஓட்டினேன்.

கேட்டார். சிரித்தார். "அறுபது நிமிஷக் கேசட்டுடா அது. நான்தான் பந்தல்ல உக்காந்து ரெண்டாம் பக்கம் திருப்பிப் போட்டேன்."